வேடம் கலைந்த பின் எழுதப்படும் பக்கம்

பெண் பாத்திரம் ஏற்ற ஆண் நடிகர்களைப் பற்றிய கலைக்களஞ்சியக் குறிப்புகளில் புகழ்ச்சி நிறைய இருக்கிறது. அவர்கள் செய்த தொழில் காணவில்லை. அதைச் சுட்டிக்காட்டுவதற்கும் ஒரு முறை உண்டு.

மாலை நேரத்தில் கிழக்கேகோட்டை ஒரு திருவிழாக் கடைத்தெரு மாதிரி இருக்கும். திருவனந்தபுரத்தின் எல்லாத் திசைகளுக்கும் போகும் பஸ்கள் இங்கே வந்து திரும்புகின்றன. ஒரு பக்கம் சாலை பஜார். இன்னொரு பக்கம் பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைக்கும் கூட்டம். பத்மநாபசுவாமி கோயிலை நோக்கிக் கோட்டைக்குள் நடந்தால் இரைச்சல் மெல்ல அடங்குகிறது. இந்தப் பகுதியில் உள்ள கார்த்திகை திருநாள் அரங்கில் நளசரிதம் ஆடும் இரவுகளில் தமயந்தியாக மேடைக்கு வருபவர் பெரும்பாலும் ஓர் ஆண். அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. ரசிகர்கள் பார்ப்பது கண்ணை, கையை, கால் வைப்பை. ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது பேச்சு, எந்தப் பதத்தில் தமயந்தி சோபித்தாள், எங்கே அவசரப்பட்டாள் என்பதைப் பற்றித்தான்.

இதே கலைஞரைப் பற்றிக் கலைக்களஞ்சியத்துக்கு ஒரு குறிப்பு எழுதச் சொன்னால் கதை மாறிவிடுகிறது. 'பெண்களே பொறாமைப்படும் பேரழகுடன், பெண்ணாகவே மாறி, ஆயிரக்கணக்கான மேடைகளில் ரசிகர்களைக் கிறங்கடித்தார்.' பெயரை மட்டும் மாற்றினால் இந்த வாக்கியம் மராத்தி நடிகருக்கும் பொருந்தும், மதுரை நடிகருக்கும் பொருந்தும். எல்லோருக்கும் பொருந்துகிற வாக்கியம் ஒருவரைப் பற்றியும் எதையும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

கலைக்களஞ்சியம் என்பது இந்த நகரத்துக்குப் பழக்கமான விஷயம். மலையாளத்தின் சர்வவிஞ்ஞானகோசம் தயாராவது இங்கே உள்ள அரசு நிறுவனத்தில்தான். தமிழில் தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வெளியிட்டது. பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் களஞ்சியங்கள் வந்தன. 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபின், பத்தாம் வகுப்பு மாணவர்கூடக் கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதலாம் என்றாகிவிட்டது. எழுதுபவர்கள் பெருகினார்கள். எழுதியதைப் பொறுமையாகப் படித்து, இன்ன இடத்தில் இன்னது குறைகிறது என்று சொல்பவர்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை.

மற்ற துறைகளைவிட ஸ்திரீபார்ட் நடிகர்கள் விஷயத்தில் இந்தக் குறை அதிகம் உறுத்துகிறது. ஓர் அரசியல்வாதியைப் பற்றித் தவறாக எழுதினால் திருத்திக்கொள்ளச் சட்டசபைக் குறிப்பு இருக்கிறது. சினிமா நடிகருக்குப் படச்சுருள் இருக்கிறது. மேடையோடு முடிந்துபோன ஒரு நடிகருக்கு அப்படி எதுவும் கிடையாது. நோட்டீஸ்கள் செல்லரித்துவிட்டன. நேரில் பார்த்தவர்கள் போய்விட்டார்கள். அவருக்கு மிஞ்சுவது அந்த அரைப்பக்கக் குறிப்புதான். அதில் தவறு இருந்தால் அடுத்து வரும் புத்தகங்களுக்கு அதுவே ஆதாரம்.

'டி' என்றால் திருவனந்தபுரம்

உதாரணத்துக்கு வெகுதூரம் போகவேண்டாம். 'அவ்வை' டி.கே. சண்முகத்தின் பெயரில் உள்ள 'டி' திருவனந்தபுரத்தைக் குறிக்கிறது; 'கே' தந்தை கண்ணுசாமிப் பிள்ளை. அந்தத் தந்தையும் பெண் வேடத்தில் பெயர் பெற்ற நடிகர். 1912-ல் பிறந்த சண்முகம், ஆறு வயதில், 1918-ல், சகோதரர்களுடன் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் சேர்ந்தார். சுவாமிகள் 1922-ல் மறைந்தார். சகோதரர்கள் 1925-ல் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவைத் தொடங்கியதும் திருவனந்தபுரத்தில்தான். 1942-ல் ஔவையார் நாடகம் மேடையேறியது. முப்பது வயது ஆண் தள்ளாத கிழவியாக வந்து நின்றார். பாத்திரத்தின் பெயர் பட்டமாகி, பிறகு பெயரின் முன்னொட்டாகவே ஆகிவிட்டது. சென்னையில் ஒரு சாலைக்கும் அந்தப் பெயர்தான்.

இவரைப் பற்றி ஒருவர் குறிப்பு எழுதிக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் அநேகமாக மூன்று விஷயங்கள் இருக்கும். ஒன்று, ஔவையாகவே வாழ்ந்தார் என்ற புகழ்ச்சி. இரண்டு, வேடத்துக்காகப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார் என்று பரவலாகச் சொல்லப்படும் கதை. மூன்று, கமல்ஹாசனின் 'அவ்வை சண்முகி' படம்.

படித்துப் பார்ப்பவர் என்ன சொல்லலாம்? புகழ்ச்சியை வெட்டிவிடுங்கள் என்று சொல்வது எளிது. அதனால் எழுதியவருக்கு ஒரு பலனும் இல்லை. 'ஔவையாகவே வாழ்ந்தார் என்கிறீர்கள். அது மேடையில் எப்படித் தெரிந்தது? குரலை எந்த வயதுக்கு இறக்கினார்? கோலை எப்படிப் பிடித்தார்? கூன் எங்கே தொடங்கியது? பாட்டு அவருடைய சொந்தக் குரலா?' என்று கேட்டால் எழுதியவர் மறுபடி தேடப் போவார். பல் கதைக்கு வேறு கேள்வி: 'எத்தனை பல்? யார் சொன்னது? சண்முகமே எனது நாடக வாழ்க்கை என்று விரிவாக ஒரு நூல் எழுதியிருக்கிறாரே, அதில் பார்த்தீர்களா?' நடிகர் தன் கையால் எழுதியிருக்கும்போது செவிவழிக் கதையைத் தூக்கி முன்னால் வைக்க அவசியமில்லை. 1996-ல் வந்த 'அவ்வை சண்முகி' ஒரு சீடர் தன் ஆசானுக்குச் செலுத்திய மரியாதை. அதற்குக் குறிப்பின் கடைசியில் ஒரு வரி போதும். முதல் பத்தியில் வைத்தால், நாடகக்காரர் சினிமாத் தலைப்பின் அடிக்குறிப்பாகிவிடுகிறார்.

பெரும்பாலான குறிப்புகளில் விட்டுப்போகிற இன்னொரு சங்கதி மகரக்கட்டு. பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் என்பது பல சிறுவர்களுக்கு ஒரு பருவம் மட்டுமே. மீசை அரும்பி, குரல் உடைந்ததும் ராஜபார்ட்டுக்கோ பபூனுக்கோ மாற்றிவிடுவார்கள். அல்லது வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சிவாஜி கணேசன் சிறுவனாகச் சீதை வேடம் போட்டவர். இயக்குநர் ஏ.பி. நாகராஜன் டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனியில் பெண் பாத்திரங்களில் நடித்தவர். இவர்களுக்கு அது பயிற்சிக் காலம். குரல் உடைந்த பிறகும் பெண் வேடத்தையே தொழிலாக வைத்துக்கொண்டவர்களுடைய வாழ்க்கை வேறு. இந்த இரண்டு வகையையும் ஒரே வார்த்தையில் அடைத்துவிட்ட குறிப்பைப் பார்த்தால், படிப்பவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி 'எந்த வயது முதல் எந்த வயது வரை?' என்பதுதான்.

வாசவதத்தையின் நடை

திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே, கொல்லம் மாவட்டத்தில் இருக்கிறது ஓச்சிறை. ஊரின் பெயரோடு சேர்த்து நினைக்கப்படும் நடிகர் ஓச்சிறை வேலுக்குட்டி. குமாரன் ஆசான் 1923-ல் எழுதிய 'கருணா' காவியத்தை ஒட்டி எழுந்த நாடகத்தில் வாசவதத்தையாக நடித்துப் புகழ் பெற்றவர். மதுராபுரியின் கணிகை வாசவதத்தை புத்த பிட்சு உபகுப்தனை விரும்பி ஆள் அனுப்புகிறாள்; காலம் வரவில்லை என்று அவன் சொல்லி அனுப்புகிறான்; கடைசியில் கையும் காலும் வெட்டுண்டு சுடுகாட்டில் கிடக்கும்போது வருகிறான். ஒரே பாத்திரத்தில் செருக்கும் வேண்டும், சிதைவும் வேண்டும். செபாஸ்டியன் குஞ்ஞுகுஞ்ஞு பாகவதருடன் இணைந்து வேலுக்குட்டி ஆடிய மேடைகளைப் பற்றிக் கேரளத்தில் இன்னும் பேசுகிறார்கள்.

இந்த மேடைக்கும் தமிழுக்கும் நெருங்கிய உறவு உண்டு. தமிழ் சங்கீத நாடகக் கம்பெனிகள் திருவிதாங்கூர் முழுக்கச் சுற்றின. அந்த மாதிரியைப் பின்பற்றி 1892-ல் டி.சி. அச்சுத மேனோன் 'சங்கீத நைஷதம்' எழுதினார். மலையாள இசை நாடகத்தின் தொடக்கம் என்று அதைச் சொல்வார்கள். பிறகு வந்த ஸ்திரீபார்ட் நடிகர்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்த வழியில் வந்தவர்கள்தான். ஆகவே வேலுக்குட்டி பற்றிய ஒரு குறிப்பைத் தமிழ் வாசகருக்காகச் சரிபார்க்கிறவர் கேட்டாகவேண்டிய கேள்விகள்: பாட்டை எந்த மரபில் பயின்றார்? ஆர்மோனியக்காரருடன் மேடையில் எப்படிப் போட்டி போட்டார்? சுடுகாட்டுக் காட்சியில் ஒப்பனை என்ன? கைகால் இழந்தவளாக நடிக்கும்போது, நடையாலும் கையசைவாலும் பெயர் வாங்கிய நடிகரிடம் மிஞ்சுவது முகமும் குரலும்தானே. இந்தக் கடைசிக் கேள்வியிலேயே ஒரு நல்ல பத்திக்கு வேண்டியது இருக்கிறது. 'பேரழகு' என்ற வார்த்தையில் அது கிடைக்காது.

இப்படிக் கேட்டு எழுதிய எழுத்துக்கு உலகத்தில் முன்மாதிரி உண்டு. பீக்கிங் ஓப்பராவில் பெண் பாத்திரங்களுக்குப் புகழ் பெற்ற மெய் லான்ஃபாங் 1935-ல் மாஸ்கோ போனார். அங்கே அவரைப் பார்த்தவர்களில் ஒருவர் ஜெர்மன் நாடக ஆசிரியர் பிரெக்ட். நடிகர் தன்னைத் தானே பார்த்துக்கொண்டு நடிக்கிற விதம் எப்படி என்று யோசித்து, சீன நடிப்பைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். நடிப்புக் கலை பற்றிய விவாதத்தில் இன்றும் அது பேசப்படுகிறது. அவர் அழகை வர்ணித்துவிட்டுப் போயிருந்தால் யார் நினைவு வைத்திருப்பார்கள்?

நம்மிடமும் நல்ல பழக்கம் இல்லாமல் இல்லை. கதகளிக் கலைஞர் கோட்டக்கல் சிவராமனைப் பற்றிக் கேரளத்தில் எழுதப்பட்டவற்றைப் பாருங்கள். 1936-ல் பிறந்து 2010-ல் மறைந்த அவர், வாழேங்கட குஞ்சு நாயரின் சீடர். தமயந்தி போன்ற பாத்திரங்களால் கதகளியில் பெண் வேடத்துக்கு நாயகனுக்குச் சமமான இடம் தேடித் தந்தவர். குரு, களரி, பாத்திரங்கள், மேடையில் அவர் செய்த மாற்றம் என்று வரிசையாகச் சொல்ல முடிகிறது. காரணம் எளிது. கதகளி ரசிகர்கள் அவரை முதலில் கலைஞராகப் பார்த்தார்கள். சங்கீத நாடக நடிகருக்கும் அதே மரியாதையைத் தரச் சொல்வதுதான் சரிபார்ப்பவரின் வேலை.

தமிழிலேயே இன்னோர் ஒப்பீடு இருக்கிறது. பெண் ஆண் வேடம் போட்டால் நாம் எப்படி எழுதுகிறோம்? கே.பி. சுந்தராம்பாள் 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதைப் பற்றி எழுதும் எவரும் அவருடைய குரலையும், அதற்கு அவர் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்தையும் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். கலையும் கூலியும் இரண்டும் பதிவாகிவிட்டன. ஸ்திரீபார்ட் நடிகருக்கு மட்டும் புடவையும் புன்னகையும். 'சம்பளம் என்ன, யார் கொடுத்தார், கடைசிக் காலத்தில் எப்படி வாழ்ந்தார்' என்ற கேள்வியைச் சரிபார்ப்பவர் போட்டால் பாதிக் குறிப்புகளின் முகமே மாறிவிடும்.

ஏன் ஆண் நடித்தார்?

ஒரு வாழ்க்கைக் குறிப்பு தன் காலத்தையும் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். 'அக்காலத்தில் பெண்கள் நடிக்க முன்வரவில்லை' என்ற வாக்கியம் எல்லாக் குறிப்பிலும் உண்டு. இது பாதி உண்மை. முன்வந்த பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்பது மீதி.

மலையாளத்தின் முதல் திரைப்படம் 'விகதகுமாரன்'. எடுத்தவர் ஜே.சி. டேனியல். திருவனந்தபுரம் காபிடல் தியேட்டரில் வெளியானது. நாயர் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோசி, தலித் பெண். திரையில் அவரைப் பார்த்துக் கொதித்தவர்கள் கல் எறிந்தார்கள். அவர் ஊரைவிட்டே போகவேண்டி வந்தது. பிற்காலம் தமிழகத்தில் கழிந்தது. ஒரு பெண் நடித்ததற்காக விரட்டப்பட்ட அதே சமூகத்தில்தான் பெண்ணாக நடித்த ஆண்களுக்குத் தங்கப் பதக்கம் குத்தினார்கள். ஸ்திரீபார்ட் நடிகரின் புகழைப் பற்றிய குறிப்பில் இந்தப் பின்னணிக்கு ஒரு வரி இருந்தால் அது நடிகரைச் சிறுமைப்படுத்தாது. அவர் நின்ற இடம் எது என்று காட்டும்.

இதே படத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. வெளியான ஆண்டு 1928 என்று சிலர், 1930 என்று சிலர். கலைக்களஞ்சியக்காரர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடித்துச் சொல்லிவிட்டால் விவாதம் மறைந்துவிடும். இரண்டையும் கொடுத்து, எது எந்த ஆதாரத்தில் நிற்கிறது என்று சொல்வதே நேர்மை. நாடக நடிகர்களின் பிறந்த ஆண்டுகளுக்கும் இதே விதி.

எண்களுக்கும்தான். ஒரு நடிகர் 7,000 மேடை ஏறினார் என்று எழுதியிருந்தால் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வருஷத்துக்கு 200 இரவு ஆடினாலும் 35 வருஷம் ஆகிறது. அவர் ஆடியதே இருபது வருஷம் என்றால் எண்ணில் கோளாறு. 'பொய்' என்று எழுதவேண்டியதில்லை. கணக்கைப் போட்டுக் காட்டி, 'இந்த எண் எங்கிருந்து வந்தது?' என்று கேட்டால் போதும். எழுதியவரே திருத்திக்கொள்வார்.

எந்தச் சொல்லால் அழைப்பது?

மலையாளக் குறிப்பைத் தமிழாக்குபவருக்கு முதல் கண்ணி 'வேஷக்காரன்'. கதகளி உலகில் அது நடிகரைக் குறிக்கும் மதிப்பான தொழிற்சொல். தமிழில் அப்படியே எழுதினால் போலி, பாசாங்கு செய்பவன் என்று பொருள்படும். 'கதகளி நடிகர்' என்று மாற்றச் சொல்வது சொல் திருத்தம் மட்டுமல்ல. ஒரு மனிதரின் மானத்தைக் காப்பாற்றுவது.

இரண்டாவது, வினைமுற்று. மலையாள வினைக்கு ஆண் பெண் விகுதி கிடையாது. தமிழில் எழுதும்போது 'ஆன்', 'ஆள்', 'ஆர்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தாகவேண்டும். நல்ல வேளையாகத் தமிழில் 'அவர்' இருக்கிறது. நடிகரைப் பற்றி எழுதும்போது 'நடித்தார், பாடினார்'. பாத்திரத்தைப் பற்றி எழுதும்போது 'தமயந்தி அழுதாள், வாசவதத்தை வீழ்ந்தாள்'. இந்தக் கோட்டை மீறாமல் எழுதினால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். நடிகரையே 'அவள்' என்று எழுதி ரசிக்கும் குறிப்புகள் உண்டு. அந்த இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, 'இது யார், நடிகரா பாத்திரமா?' என்று கேட்கலாம்.

மூன்றாவது, புதிய சொற்களை ஒட்டுவது. மேலைநாடுகளின் இரவு விடுதி மேடைகளில் வளர்ந்து, இன்று இந்தியப் பெருநகரங்களுக்கும் வந்துவிட்ட 'டிராக்' ஒரு தனிக் கலை. பெண்மையை மிகைப்படுத்தி, கேலியும் சவாலுமாக ஆடுவது அது. அதை எழுதும்போது அந்தச் சொல்லையே எழுதலாம். சங்கரதாஸ் சுவாமிகளின் மேடையில் வள்ளியாக வந்தவரை அந்தச் சொல்லால் அழைத்தால் இரண்டு மரபுக்கும் அநியாயம். சவறை அருகே கொட்டாங்குளங்கரை தேவி கோயிலில் மீன மாதம் ஆண்கள் பெண் உடையில் விளக்கேந்தும் சமயவிளக்கு ஒரு வழிபாடு. அதையும் இந்தக் கூடையில் போடக்கூடாது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலில் பேடு என்று ஒன்று உண்டு என்பதால், எல்லா ஸ்திரீபார்ட் குறிப்பையும் பூம்புகாரிலிருந்து தொடங்குபவர்களும் இருக்கிறார்கள். தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சபலம் அதிகம். அந்தப் பத்தியை அப்படியே எடுத்துவிட்டாலும் நடிகருக்கு எந்த நஷ்டமும் இல்லை.

திருநங்கையரைப் பற்றி எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் பெண் வேடம் போடுபவர் அல்ல, பெண். 2014-ல் உச்ச நீதிமன்றம், தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே என்று தீர்ப்பளித்தது. கலைக்களஞ்சியத்துக்கும் அதுவே நல்ல விதி. யாரையும் நாமாக ஒரு பெட்டிக்குள் தள்ளவும் வேண்டாம், அவர்களே சொன்னதை மறுக்கவும் வேண்டாம்.

சொந்த வாழ்க்கை எதுவரை?

இங்கேதான் பல குறிப்புகள் கிசுகிசுவில் வழுக்குகின்றன. மேடையில் பெண்ணாக வந்தவரின் வீட்டு வாழ்க்கையைப் பற்றி ஒரு சமிக்ஞை, ஒரு முற்றுப்புள்ளி வரிசை. இதற்கு எதிர்த்துருவத்தில் இன்னொரு வகை: 'மேடையில்தான் பெண், வீட்டில் ஆண் சிங்கம்' என்று யாரும் கேட்காத சான்றிதழ். இரண்டும் ஒரே பதற்றத்தின் இரண்டு பக்கங்கள்.

அளவுகோல் எளிது. அவரே பகிரங்கமாகச் சொன்னாரா? வங்காள ஜாத்ரா மேடையில் சப்பல் ராணி என்று புகழ் பெற்ற சப்பல் பாதுரி, நவீன் கிஷோர் 1999-ல் எடுத்த ஆவணப்படத்தில் தன் மேடையையும் தன் வாழ்க்கையையும் பற்றித் தானே பேசினார். அதை எழுதலாம், எழுதத்தான் வேண்டும். மராத்தி மேடையின் பால கந்தர்வர் 1913-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார்; கடனில் சிக்கினார்; 1964-ல் பத்மபூஷண் பெற்றார்; 1967-ல் மறைந்தார். கம்பெனியும் கடனும் பொது வாழ்க்கை, எழுதலாம். குஜராத்தி நடிகர் ஜெய்சங்கருக்கு ஒரு பாத்திரத்தால் 'சுந்தரி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அதுவும் பொது விஷயம். யாரோ யாரிடமோ சொன்னதாக மூன்றாமவர் எழுதுவது இதில் சேராது. அதை நீக்கச் சொல்லும்போது ஒழுக்க உபதேசம் தேவையில்லை. 'இதற்கு அவருடைய சொல் ஆதாரம் உண்டா?' என்ற ஒரே கேள்வி போதும்.

சொல்வதற்கும் முறை உண்டு

இந்தக் குறிப்புகளை எழுதுபவர்கள் யார்? ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், நடிகரின் ஊர்க்காரர், நூலக உதவியாளர், கல்லூரி மாணவி. கூலி இல்லாமல் எழுதுகிறவர்கள். சிவப்பு மையில் 'இது கட்டுரையே இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினால் மறுபடி அந்தப் பக்கம் வரமாட்டார்கள். குறிப்பும் போய்விடும், குறிப்பில் இருந்த நடிகரும் போய்விடுவார். மாறாக, ஊர் நடிகர் என்ற பாசத்துக்காக 'அருமை' என்று எழுதி அனுமதித்தால் தவறு அச்சேறிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது.

முதலில், குறிப்பில் புதிதாகக் கிடைத்தது எது என்று சொல்லிவிடவேண்டும். ஆர்மோனியக்காரரின் பெயரோ, ஒரு கொட்டகையின் பெயரோ வேறு எங்கும் இல்லாததாக இருக்கலாம். அதைப் பார்த்தேன் என்று சொன்னால் எழுதியவருக்கு நம்பிக்கை வரும். எந்த மாதிரித் தகவல் வேண்டும் என்பதும் புரியும்.

இரண்டாவது, இடத்தைச் சுட்டிக்காட்டவேண்டும். 'ஆதாரம் போதாது' என்று பொதுவாகச் சொல்வதைவிட, 'இரண்டாம் பத்தி, மூன்றாம் வரி: முதல் மேடை எந்த ஊர், எந்த ஆண்டு?' என்பது பயன்படும்.

மூன்றாவது, தேடவேண்டிய இடத்தைச் சொல்லவேண்டும். குறை சொல்பவர் வழியும் சொல்லக் கடமைப்பட்டவர். சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய நாடக நோட்டீஸ்களும் பாட்டுப் புத்தகங்களும் இருக்கின்றன. நோட்டீஸில் தேதி, கொட்டகை, பார்ட் வாரியாக நடிகர் பெயர் எல்லாம் இருக்கும். திருவனந்தபுரத்திலேயே மாநில மத்திய நூலகம் இருக்கிறது. நாடகம் நடந்த கோயில்களின் திருவிழாக் கணக்கில் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று இருக்கலாம். பின்பாட்டுக்காரர், ஒப்பனைக்காரர் வீடுகளில் பெட்டியின் அடியில் ஒரு போட்டோ இருக்கலாம். கிராமபோன் தட்டு இருந்தால் அதிர்ஷ்டம்.

நான்காவது, எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கக்கூடாது. முதல் சுற்றில் தவறுகள், இரண்டாம் சுற்றில் விடுபட்டவை, மூன்றாம் சுற்றில் நடை. நடையைத் திருத்துவதில் தமிழ் படித்தவர்களுக்கு ஆசை அதிகம். அந்த ஆசையைக் கடைசிக்கு ஒத்திப்போடுவது நல்லது. சந்திப்பிழையைத் திருத்திய திருப்தியில், பிறந்த ஆண்டு தவறாகவே போய்விடும்.

ஐந்தாவது, ஆதாரம் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது என்று எழுதியவருக்குச் சொல்லித்தரவேண்டும். காலி இடத்தைப் புகழ்ச்சியால் நிரப்பவேண்டாம். தெரிந்த நாலு வரியோடு குறிப்பு நிற்கட்டும். நாலு வரி சரியாக இருந்தால் அடுத்தவர் ஐந்தாவதைச் சேர்ப்பார். நாற்பது வரி தவறாக இருந்தால் அதை அவிழ்க்கவே ஒரு தலைமுறை ஆகும்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்று கேட்கலாம். இரவு பத்து மணிக்குப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் சவுரி முடித்து, அரிதாரம் பூசி, மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை கேட்கும்படி பெண் குரலில் விடியவிடியப் பாடியவர்கள் இவர்கள். அது உடம்பு நோகச் செய்த வேலை. கற்றுக்கொண்ட வேலை. சம்பளத்துக்குச் செய்த வேலை. அந்த வேலையின் விவரம் எழுதப்படாமல் போனால், ஒரு காலத்தில் ஆண்கள் புடவை கட்டி நடித்தார்கள் என்ற வேடிக்கைச் செய்தி மட்டும் மிஞ்சும்.

ஒரு தட்டச்சுப் பிரதியின் ஓரத்தில் 'குரல் எப்படி?', 'சம்பளம் எவ்வளவு?', 'கற்றுக்கொடுத்தவர் யார்?' என்று மூன்று கேள்விகளைப் பென்சிலால் எழுதப் பத்து நிமிஷம் போதும். பதில் தேடிப் போகிறவருக்குப் பத்து நாள் ஆகலாம். அவர் பதிலோடு திரும்பி வந்தால், படிக்கிறவர் முதல் தடவையாக ஒரு நடிகரைச் சந்திப்பார்.